அரக்கை வென்றது யார்?

அண்மையில் நமது பகுதிப் பாடசாலை ஒன்றின் விஞ்ஞான தின விழாவிலே உரையாற்றிய கனவான் ஒருவர், இயற்கையின் உலோபத்தனத்திலிருந்து மனிதனை விடுவித்த பெருமை செயற்கைப் பிளாஸ்டிக்கையே சாரும் என்னும் பொருள்பட முழங்கினார். பூச்சியின் பிசினுக்கும் மரத்தின் பாலுக்கும் மலையின் கல்லுக்கும் காத்துக் கிடந்த மின்சாரத் தொழில், பேக்லைற்று வந்ததும் கைவிலங்கு அறுந்து எழுந்தது என்றார். மாணவர் கைதட்டினர். ஆசிரியரும் தட்டினர். நானும் தட்டினேன் என்பதை ஒளிப்பதற்கில்லை. வீடு திரும்பும் வழியிலேதான், விடுதலை பெற்ற அந்த ‘மனிதன்’ யார் என்னும் கேள்வி எழுந்தது. அவனுக்கு ஊர் உண்டா? கூலி உண்டா? அன்றி விஞ்ஞான தின விழாக்களுக்கென்றே படைக்கப்பட்ட ஒரு பொதுப்பெயர்தானா?

வட்டுக்கோட்டை என்றதும் படித்தவர் நெஞ்சில் எழுவன இரண்டு: 1823இல் அமெரிக்க மிஷனரிமார் நிறுவிய செமினரி ஒன்று, 1976ஆம் ஆண்டுத் தீர்மானம் மற்றொன்று. இவ்விரண்டையும் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். நான் எழுத வந்தது இவற்றில் எதையும் பற்றியன்று. கிடுகுக் கூரை போய்த் தகரக் கூரை கண்ட ஒரு கார் திருத்தும் கொட்டிலைப் பற்றியது. ஒஸ்ரின், மொறிஸ் என்னும் பெயர் தாங்கிய பழைய பிரித்தானியக் கார்கள் உலகின் பிற பாகங்களில் கண்காட்சிப் பொருள்களாகிய பின்னரும் குடாநாட்டிலே கலியாணத்துக்கும் ஆசுபத்திரிக்கும் சந்தைக்கும் ஓடிக்கொண்டிருந்தன. சில இன்றும் ஓடுகின்றன. அவற்றுக்கு உயிர் கொடுத்து வந்தவை இத்தகைய கொட்டில்களே.

மாரிகாலத்து விடியற்காலை ஒன்றில் அங்கு நான் கண்டது இது. கார் இயங்க மறுத்தது. மேத்திரியார் டிஸ்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். மயிரிழை போன்ற கருங்கோடு ஒன்று உட்புறத்தே ஒரு முனையிலிருந்து மற்றொரு முனைவரை ஓடியிருந்தது. “இது பேக்லைற்று, மாஸ்ரர். ஒருக்கால் கரி விழுந்தால் கரன்ற் தன்ரை பாதையை விடாது” என்றார். பேனாக்கத்தியின் நுனியால் அக்கோட்டைச் சுரண்டினார். பக்கத்துத் தச்சுப் பட்டறையில் இருந்து கொணர்ந்த சிறு போத்தலைத் திறந்து, கோழியிறகால் ஏதோ ஒன்றைத் தொட்டுப் பூசினார். அது வேறொன்றுமன்று, கதவுக்கும் கதிரைக்கும் மெருகு கொடுக்கும், ஸ்பிரிற்றிலே கரைத்த அவலரக்கு. சற்று நேரம் உலரவிட்டு மூடியை மாட்டினார். கார் இயங்கியது.

விழாக் கனவானின் சொற்பொழிவுக்கு இதனினும் பொருத்தமான மறுமொழியை நான் கண்டதில்லை. அரக்கை ஒழித்துக்கட்டவே பிறந்தது பேக்லைற்று. தனக்குப் புண் வந்தபோது அது தேடியதோ அதே அரக்கை!

பேக்லைற்றின் பிறப்பு வரலாற்றைச் சற்று நோக்குவோம். பெல்ஜியத்திற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய லியோ பேக்லண்ட் என்னும் இரசாயனி, புகைப்படத் தாள் ஒன்றைக் கண்டுபிடித்து அதனை 1899இல் ஈஸ்ட்மன் கம்பெனிக்கு விற்றுச் செல்வரானவர். மின்சாரத் தொழில் வளர வளரக் காவலிப் பொருள்களுக்குத் தேவை பெருகியது. அவற்றுள் முதன்மையான அரக்கோ தொலைதூர இந்தியக் காடுகளிலே கண்ணுக்கெட்டாத சிறு பூச்சிகள் மரக்கொம்பிற் சுரப்பது. ஓர் இறாத்தல் அரக்குக்கு ஏறத்தாழ 15,000 பூச்சிகள் ஆறு மாதம் உழைக்கவேண்டும் என்று கணக்கிடுவர். வரத்துக் குறையும், விலை ஏறும். அரக்குக்கு ஒரு மாற்றைத் தேடியே பேக்லண்ட் தம் ஆய்வைத் தொடங்கினார். பீனோலையும் போமல்டிகைட்டையும் வெப்பத்தாலும் அமுக்கத்தாலும் இறுகச் செய்து, மீண்டும் உருகாத திண்மப் பொருள் ஒன்றை 1907இற் பெற்றார். 1909இல் உலகுக்கு அறிவித்தார். 1910இற் கம்பெனியும் அமைத்தார். இங்கிலாந்திலே ஜேம்ஸ் சுவின்பேர்ண் என்பவர் ஏறக்குறைய அதே பொருளுடன் உரிமைப்பத்திர அலுவலகத்துக்கு ஒரு நாள் பிந்திப் போனார். ஒரு நாட் பிந்தலால் ஒருவர் பெயர் உலகப் பொருளின் பெயராகிறது, மற்றவர் பெயர் அடிக்குறிப்பாகிறது! பின்னர் இருவரும் உடன்பட்டனர். 1926இற் பிரித்தானிய பேக்லைற்றுக் கம்பெனி உருவாயிற்று.

இதே ஆண்டுகளிலேதான் மோட்டார் வண்டியும் மின்சாரத்தின் பிடிக்குள் வந்தது. 1912ஆம் ஆண்டுக் கடிலாக் வண்டி, கைப்பிடி சுழற்றாமலே மின்சாரத்தால் இயங்கத் தொடங்கியது. விளக்கு, எரிபற்று, தொடக்கி ஆகிய யாவும் மின்சாரமாயின. எரிபற்றுச் சுருளிலிருந்து ஏறத்தாழ 15,000 வோல்ற் அழுத்தம் புறப்பட்டு, டிஸ்ரிபியூட்டரின் மூடி வழியே ஒவ்வொரு சிலிண்டருக்கும் முறைவைத்துப் பகிரப்படுகிறது. உள்ளங்கையில் அடங்கும் அம்மூடி, அவ்வளவு அழுத்தத்தையும் வழிமாறிப் பாயவிடாது காக்கவேண்டும். எஞ்சினின் வெக்கையையும் எண்ணெயையும் ஈரத்தையும் தாங்கவேண்டும். முன்னர் இவ்வேலையைச் செய்து வந்தது எபொனைற்று, அதாவது கந்தகத்தை மிகையாகச் சேர்த்துக் கல்லாக்கிய இறப்பர். அது வெக்கையில் இளகும். வெளிச்சம் பட்டு நாட்பட அதன் மேற்பரப்பிலுள்ள கந்தகம் அமிலமாகிக் காவல் தளரும். பேக்லைற்றோ இளகுவதில்லை. அச்சிலிட்டு அமுக்கினால் ஒரே அளவில் ஆயிரம் மூடிகள் வரும். இவ்விடத்திலே பேக்லைற்று எபொனைற்றை வென்றது நியாயமான வெற்றி. இதை மறுப்பவன் கார் திருத்தத் தகுதியற்றவன்; கட்டுரை எழுதவும் தகுதியற்றவன்.

ஆனால் வெற்றியின் முழுக்கணக்கையும் பார்க்கவேண்டும். பேக்லைற்று மூடி தூய இரசாயனப் பிசின் என்று எண்ணுவது தவறு. அதிலே பெரும் பங்கு மரத்தூள். அதனைச் சேர்த்தாற்றான் உடையாத வலுவும் மலிவும் கிட்டும். இயற்கையிலிருந்து விடுபட்டதாகப் புகழப்படும் பொருளின் வயிற்றினுள்ளே மரம் கிடக்கிறது! ஈரமும் தூசியும் படிந்த மேற்பரப்பிற் பொறி ஒன்று பாய்ந்தால் இப்பிசின் கரியாகிறது. கரி மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே காவலி தன் உடலிலேயே கடத்தி ஒன்றை வரைந்துகொள்கிறது. மேத்திரியார் சுரண்டிய கருங்கோடு இதுவே. அரக்கின்மேற் பொறி பாய்ந்தால் இத்தகைய கரிப்பாதை எளிதில் விழுவதில்லை. ஒவ்வொரு குணத்திலும் மேலானதாக இருந்ததனாலே பேக்லைற்று அரக்கை விரட்டியது என்ற கதை அரைக்கதை. தூரத்து அறுவடைக்குக் காத்திராமை, ஆலையில் வேண்டிய வேளையில் வேண்டிய அளவு செய்யும் வசதி, உரிமைப்பத்திரம் தந்த ஏகபோகம் என்பனவும் சேர்ந்தே வென்றன. இவை முதலாளியின் குணங்கள். பொருளின் குணங்களாக நமக்குக் கற்பிக்கப்படுகின்றன.

மறுபுறத்தையும் நோக்குவோம். சோட்டா நாகபுரி மேட்டுநிலத்திலே முண்டா, ஓராவோன் முதலிய பழங்குடி மக்கள் பலாச, குசும மரங்களில் ஏறிக் கொம்போடு வெட்டிச் சேர்ப்பது கொம்பரக்கு. அது இடிபட்டுக் கழுவப்பட்டு, நீண்ட துணிப்பையில் அடைபட்டுக் கரியடுப்பின் முன்னே முறுக்கப்படும். உருகி வழியும் அரக்கைத் தொழிலாளி தகடாக விரிப்பான். எதனால் விரிப்பான்? இரு கைகளாலும் இரு கால்களாலும், இவை போதாவிடத்துப் பற்களாலும்! நெருப்பின் முன் நின்று சுடும் அரக்கைப் பல்லாற் கடித்து இழுக்கும் இம்மனிதனின் படம் நமது பௌதிக நூல் எதிலும் இல்லை. பேக்லண்டின் படம் உண்டு, கழுத்துப்பட்டியுடன் உண்டு. அரக்கு மாளிகை என்றதும் நமக்குப் பாண்டவர் நினைவுதான் வரும். அம்மாளிகைக்கு அரக்குச் சேர்த்த வேடர்களைப் பற்றிப் பாரதம் பாடிய புலவரும் கவலைப்பட்டாரில்லை. இது பழைய வழக்கந்தான்.

விலை ஏறியபோது இலாபம் கல்கத்தாவிலும் லண்டனிலும் உள்ள வணிகருக்குப் போயிற்று. விலை விழுந்தபோது நட்டம் மட்டும் பிழையின்றி மரத்தடிக்கு வந்து சேர்ந்தது. செயற்கைப் பிசின்களின் போட்டி அச்சுறுத்தத் தொடங்கிய காலத்தில், 1924இல், ராஞ்சிக்கு அருகே நாம்கும் என்னும் இடத்தில் அரக்கு ஆராய்ச்சி நிலையம் ஒன்று எழுந்தது. நல்ல காரியமே. ஆயினும் அரக்கைச் சேர்ப்பவனின் கடனை ஆராய எந்த நிலையமும் எழவில்லை. இசைத்தட்டு ஒன்றுதான் அரக்குக்கு நெடுநாள் கைகொடுத்தது. கிட்டப்பாவும் பாகவதரும் நம் வீடுகளுக்கு வந்தது இப்பூச்சியின் முதுகேறித்தான்; 1950களில் வைனில் தட்டு வந்து அக்கதவையும் சாத்திற்று.

இனி, மைக்கா. டைனமோவின் உள்ளே சுழலும் செப்புத் துண்டுகளுக்கு இடையே மெல்லிய மைக்காத் தகடுகள் நிற்கும். செம்பு தேயத் தேய மைக்கா மேலெழுந்து துருத்தும். மேத்திரியார் அறுவைவாளின் உடைந்த அலகால் அதனை ஒவ்வொரு வரியாகக் கீறித் தாழ்த்துவார். இம்மைக்காத் துணுக்குகளை அரக்கால் ஒட்டி மைக்கனைற்று என்ற பலகையாக்கும் முறை 1890களிலேயே வந்துவிட்டது. பீகாரின் கல்லும் பீகாரின் பிசினும் கடல்கடந்து போய் மணமுடித்து, ஆங்கிலக் காரினுள்ளே இருந்து நம்மிடம் திரும்பி வந்தன. வந்தவற்றின் தாய்நாட்டை எவர் விசாரித்தார்? கோடர்மாவிலும் கிரிதியிலும் சென்னை மாகாணத்துக் கூடூரிலும் மைக்காவை இதழ் இதழாகப் பிரித்தவர் பெரும்பாலும் பெண்களும் சிறுவருமே. உரித்த எடைக்குக் கூலி. சிறு விரல்கள் மெல்லிதாக உரிக்கும் என்பதே அவர்களை வேலைக்கு எடுத்ததற்குச் சொல்லப்பட்ட நியாயம்.

எரிபற்றுச் செருகியில் இருந்த மைக்காவை 1930களிலே சுட்ட அலுமினாப் பீங்கான் அகற்றியது. பின்னர் வந்த செயற்கைப் பிசின்கள் அரக்கையும் ஒட்டும் வேலையிலிருந்து நீக்கின. சரி, சுரங்கத்துச் சிறுவர் பள்ளிக்கூடம் போனார்களா? இல்லை. கைவிடப்பட்ட சுரங்கக் குழிகளிலே மைக்காக் கழிவைப் பொறுக்கும் சிறுவர் சிலர் மண் சரிந்து இறந்த செய்தி 2016இல் உலகப் பத்திரிகைகளில் வந்தது. அவர்கள் பொறுக்கிய மைக்கா எதற்கு? முகப்பூச்சுக்கும், புதிய கார்களின் மேனி மினுங்கும் வர்ணப்பூச்சுக்கும்! காரின் உள்ளே காவலியாக உழைத்த கல், இன்று காரின் வெளியே பகட்டாக மினுங்குகிறது. பொருளின் இடம் மாறியது. பொறுக்கும் கை மாறவில்லை.

இது வட இந்தியக் கதை, நமக்கென்ன என்று சொல்வோர் தம் வீட்டு முற்றத்துக் காரின் பழைய வயரை உரித்துப் பார்க்கட்டும். 1950களின் நடுப்பகுதிவரை வந்த கார்களில் செப்புக் கம்பியின்மேல் இறப்பர். இறப்பரின்மேல் பருத்திப் பின்னல். அந்த இறப்பர் இலங்கையின் கதை. 1876இல் கம்பஹாவிலுள்ள ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நட்ட கன்றுகளோடு தொடங்கியது. 1942இல் மலாயா யப்பானியர் கைக்குப் போனதும், நேசநாடுகளுக்கு எஞ்சிய இயற்கை இறப்பரின் பெரும்பகுதி இலங்கை மரங்களிலிருந்தே கறக்கப்பட்டது. நாளை மரம் சாகும் என்று தெரிந்தே பட்டையை வெட்டினர்; அம்முறைக்கு இட்ட பெயரே ‘கொலைவெட்டு’. மரத்துக்கே கொலை என்றால் அதனை வெட்டிய தொழிலாளியின் நாட்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. யுத்தம் முடிந்தது. அமெரிக்கா செயற்கை இறப்பரைக் குவித்தது. இறப்பர்ப் பற்றாக்குறையை ஈடுசெய்ய யுத்தகாலத்திலே கைகொண்ட பீவீசீ வயர், சமாதான காலத்திலும் நின்று நிலைத்தது. அதே வேளையில், 1948இல், தோட்டத்திலே பால் வெட்டிய இந்திய வம்சாவளித் தமிழரின் பிரசாவுரிமையை இந்நாட்டுப் பாராளுமன்றம் பறித்தது. அதற்குத் துணைபோன தமிழ்த் தலைவர்களும் யாழ்ப்பாணத்தில் இருந்தனர். ‘தமிழர்’ என்ற சொல் சில வேளைகளில் எவ்வளவு சுருங்கும் என்பதற்கு அது சான்று.

பீவீசீ வயர் தரத்தில் தாழ்ந்ததன்று. உவர்க்காற்றிலும் வெக்கையிலும் இறப்பர் வெடித்து உதிரும். பருத்தியை எலி கறண்டும். இக்குறைகள் பீவீசீக்குக் குறைவு. நிறம் நிறமாக வருவதனால் எந்தக் கம்பி எங்கே போகிறது என்று காண்பதும் எளிது. மேத்திரியாரும் இதனை விரும்புகிறார். நமது வழக்கு வயரோடன்று. விலை வீழ்ச்சி வருமென்று தெரிந்தும் தொழிலாளிக்கு மாற்று வழி எதனையும் எண்ணாத தோட்ட முதலாளியோடு. அவனைக் கேள்வி கேளாத அரசோடு. விலையை எதிர்த்து நிற்க முடியும் என்பதற்கும் உதாரணம் நம்மிடமே உண்டு. இறப்பர் விலை சரிந்து அரிசி கிட்டாதிருந்த 1952இல் இலங்கை சீனத்தோடு இறப்பர்–அரிசி ஒப்பந்தம் செய்து உலக விலையினும் மேலான விலை பெற்றது. அமெரிக்கா முகம் சுளித்தது. இலங்கை அரிசி உண்டது.

புதிய பொருளைச் செய்தவனின் நிலையையும் கேட்போம். 1974இல் அமெரிக்காவின் லூயிவில் நகரத்துப் பீவீசீ ஆலையில் வேலை செய்த தொழிலாளர் சிலர் ஈரலில் வரும் அரிதான புற்றுநோயால் இறந்தமை வெளிவந்தது; ஆலையின் வைனில் குளோரைட்டு வாயுவே காரணம் எனப்பட்டது. பேக்லைற்றுக் கம்பெனி 1939இல் யூனியன் காபைட்டின் உடைமையாயிற்று. 1984 திசம்பரில் போபாலில் நஞ்சு கக்கிய ஆலையும் அந்த யூனியன் காபைட்டின் கிளைக்குச் சொந்தமானதே. போபாலிற் செய்தது பூச்சிகொல்லி, பேக்லைற்று அன்று. இரண்டையும் குழப்ப நான் முயலவில்லை. ஆயினும் பூச்சியின் பிடியிலிருந்து தொழிலை விடுவித்ததாகப் புகழ்பெற்ற கம்பெனி யாருடைய கணக்கேட்டிற் போய்ச் சேர்ந்தது என்பதை விழா மேடையில் ஒருவராவது சொல்லியிருக்கலாம்.

இவ்வளவும் எழுதியதைக் கண்டு, ‘ஆகவே பிளாஸ்டிக்கை ஒழிப்போம், இயற்கைக்குத் திரும்புவோம்’ என்று கொடிதூக்கும் நண்பர் சிலர் எனக்குக் கைகொடுக்க வரக்கூடும். அவர்களிடமிருந்தும் சற்று விலகியே நிற்க விரும்புகிறேன். பல்லால் அரக்கிழுத்தவனின் காலம் பொற்காலமா? குழந்தை உரித்த மைக்கா தூய்மையானதா? இயற்கைப் பொருள் என்ற சொல்லுக்குப் பின்னே ஒளிந்திருந்த அடிமைத்தனத்தை மறந்து, பிளாஸ்டிக்கின் அழுக்கை மட்டும் காண்பது, வசதியுள்ள வீட்டின் சன்னலிலிருந்து பார்க்கும் பார்வை. கொம்பரக்குச் சேர்த்தவனைப் பழைய பொருள் சுரண்டியது. புதிய பொருள் கைவிட்டது. இரண்டு முறையும் அவனிடம் யாரும் ஒரு சொல் கேட்கவில்லை.

பொருள் மாறும்போது கேட்கப்படாதவர் வரிசையில் நமது மேத்திரிமாரும் இருக்கின்றனர். 1970களின் இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் உதிரிப்பாகம் கிட்டாதபோது, கிடைத்ததைக் கொண்டு கிடைக்காததைச் செய்தனர். 1990இன் பின் பொருளாதாரத் தடையில் எரிபொருளும் பற்றரியும் குடாநாட்டுக்கு வராமற் போனபோது, சிறிது பெற்றோல் ஊற்றி எஞ்சினை உயிர்ப்பித்து, பின் மண்ணெண்ணெயில் ஓடவிட்டனர். மண்ணெண்ணெய் செருகியிற் புகையாகப் படியும். படியப் படியப் பொறி வழிதவறும். வழிதவறும் பொறி பேக்லைற்றிற் கோடு கீறும். எத்தனை மூடிகள் இவ்வாறு அரக்கால் உயிர்பிழைத்து எத்தனை நோயாளரை ஆசுபத்திரிக்குச் சேர்த்தன என்பதை எந்த ஏடும் எழுதவில்லை. எபொனைற்று, பேக்லைற்று, மைக்கா, அரக்கு ஆகியவற்றின் குணபேதங்களை விரல்நுனியிலும் மூக்கிலும் வைத்திருக்கும் மேத்திரியார், எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். நமது மாணவரோ ‘காவலிகளுக்கு நான்கு உதாரணம் தருக’ என்ற வினாவுக்கு இந்த நான்கு பெயரையும் எழுதி நான்கு புள்ளி பெறுகின்றனர். நான்கில் எதனையும் தொட்டுப் பார்த்ததில்லை.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒன்று சொல்லத் துணிகிறேன். பழைய டிஸ்ரிபியூட்டர் மூடி ஒன்றும், ஒரு துண்டு அவலரக்கும், ஒரு மைக்காத் தகடும், பருத்தி சுற்றிய ஒரு முழ வயரும் எந்தக் கொட்டிலிலும் இலவசமாகக் கிடைக்கும். அவற்றை வகுப்பு மேசைமேல் வையுங்கள். எது கடத்தும், எது காக்கும் என்பதைச் சோதித்த பின், ஒவ்வொன்றும் எந்த ஊரில், யாருடைய கையில், என்ன கூலிக்குப் பிறந்தது என்று கேளுங்கள். பௌதிகமும் புவியியலும் சரித்திரமும் ஒரே மேசையில் வந்து உட்காரும். பாடத்திட்டத்தில் இடமில்லை என்று சொல்லாதீர்கள். பரிசளிப்பு விழா ஒத்திகைக்கு மூன்று கிழமை ஒதுக்கும் பாடத்திட்டம் இதற்கு ஒரு மணி நேரம் தராமலா போகும்?

மேற்படி பாடசாலையின் அடுத்த ஆண்டு விழாவில், கனவானுக்குப் பதிலாக மேத்திரியாரை மேடையேற்றும்படி விழாக்குழுவினரைக் கேட்டிருக்கிறேன். சான்றிதழ் ஏதும் உண்டா என்று விசாரித்தார்கள். கார் ஓடுகிறது என்றேன். யோசித்துச் சொல்வதாகக் கூறியிருக்கிறார்கள்.